காலேஜ் லைப்ரரில தகவல் தேடச் சொல்லிக் கொடுக்கறது எப்படி: நம்ம கொங்கு பக்கத்து நூலகர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

வருசா வருசம் முதல் வருசப் புள்ளைங்களை அறுபது அறுபது பேரா லைப்ரரிக்குள்ள கூட்டிட்டு வந்து, இது ரெஃபரன்ஸ் செக்‌ஷன், இது பேக் வால்யூம், பேக்கை வெளிய வச்சுட்டு வாங்க, ஐடி கார்டு இல்லாம வராதீங்கன்னு இருபது நிமிசத்துல சுத்திக் காட்டி அனுப்பிட்டு, யூசர் ஓரியண்டேஷன் நடத்தியாச்சுன்னு ஃபைல்ல ஒரு ஃபோட்டோவோட சேத்து வச்சுடறோம். நானும் பல வருசம் அதைத்தான் பண்ணிட்டு இருந்தனுங்க. அதே புள்ளைங்க மூணு வருசம் கழிச்சு ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு வந்து நின்னு "ஏனுங் மேடம், எங்க டாபிக்கு நெட்ல ஒண்ணுமே இல்லீங்க"ன்னு சொல்லும்போது மனசுக்கு சங்கடமா இருக்கும். அவங்க தேடாம இல்ல, ராத்திரி பூரா தேடிட்டுத்தான் வர்றாங்க. எப்படித் தேடறதுன்னு நாமதான் சொல்லித் தரலை.

கோயம்புத்தூர், ஈரோடு, திருப்பூர், நாமக்கல், சேலம்னு நம்ம பக்கம் காலேஜுக்குப் பஞ்சமே இல்ல. லைப்ரரி கட்டடமும் நல்லாத்தான் இருக்குது. ஆனா தேடறதுக்குன்னு ஒரு பாட வேளை டைம்டேபிள்ல கிடைக்கறது கஷ்டம். அதனால ஒத்தை ஆளா இருந்தாலும் கையில இருக்கறதை வச்சு என்ன பண்ணலாம்னுதான் இதுல எழுதறேன், நான் பண்ணிப் பாத்து நின்னது எதுவோ அதை மட்டும்.

முதல்ல ஒரு விசயம் தெளிவா இருக்கோணும். தேவையான தகவலைத் தேடி, எடை போட்டு, பயன்படுத்தற திறமைக்கு இன்ஃபர்மேஷன் லிட்டரசிங்கற பேரை 1974ல அமெரிக்காவுல பால் சர்க்கோவ்ஸ்கிங்கறவர் சொன்னாரு. அங்கத்த காலேஜ் நூலகர் சங்கம், ஏசிஆர்எல், 2000ல இதுக்கு ஒரு திறமைப் பட்டியல் போட்டாங்க, இதெல்லாம் தெரிஞ்சா போதும்ங்கற மாதிரி. அப்புறம் அது பத்தலைன்னு 2015ல ஆறு கருத்து வச்சு புதுசா ஒரு ஃப்ரேம்வொர்க் கொண்டு வந்தாங்க. அந்த ஆறுல எனக்கு ரொம்ப உதவுனது ரெண்டு. தேடறதுங்கறது போய்ப் பாத்து, திரும்பி வந்து, வழி மாத்திப் போற வேலைங்கறது ஒண்ணு. ஒருத்தர் சொல்றதை எந்த அளவுக்கு நம்பறதுங்கறது எடத்தைப் பொறுத்து மாறும்ங்கறது இன்னொண்ணு. இந்த ரெண்டாவதை நம்ம ஊர்ப் புள்ளைங்களுக்கு சொல்றது ரொம்ப சுலபமுங்க. தோப்புல பூச்சி எந்த மாசம் வந்துச்சு, எந்த மரத்துல மொதல்ல வந்துச்சுன்னு கேட்டா நாப்பது வருசமா பண்ணயம் பாக்கற அப்புச்சி சொல்றதுதான் கணக்கு. அது என்ன பூச்சி, எதுக்கு அடங்கும்னு கேட்டா பூச்சியியல் படிச்சவங்க கிட்ட போகோணும். ரெண்டு பேருமே தெரிஞ்சவங்கதான், கேள்வி வேற.

வகுப்பு எடுக்கறதுக்கு முன்னாடி

மொதல் வேலை, டிபார்ட்மெண்ட்டுக்கு நடந்து போங்க. சர்க்குலர் அனுப்பாதீங்க, நேர்ல போய் உக்காந்து, இந்த செமஸ்டர்ல என்ன அசைன்மெண்ட் குடுக்கறீங்க, ப்ராஜெக்ட் டைட்டில் எப்ப குடுக்கறீங்கன்னு கேட்டு வாங்கிக்கோங்க. டைட்டில் குடுத்த அந்த ரெண்டு வாரத்துலதான் உங்க வகுப்பு இருக்கோணும். காலேஜ் சேர்ந்த மொதல் வாரத்துல, ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தொகுத்து வச்சிருக்கற டேட்டாபேஸ் பத்திச் சொன்னா, ஹாஸ்டல் மெஸ் எங்க இருக்குன்னே தெரியாத புள்ளைக்கு அது காதுலயே ஏறாது. தேவை வந்தப்ப சொன்னா ஒருக்கா சொன்னாலே புடிச்சுக்கும்.

வகுப்புக்கு வந்த உடனே ஆளுக்கு ஒரு துண்டு சீட்டு குடுத்து மூணே கேள்வி கேளுங்க. கடைசியா படிப்புக்காக எதைத் தேடுனீங்க, அப்ப அப்படியே என்ன வார்த்தை அடிச்சீங்க, கிடைச்சது சரிதான்னு எப்படித் தெரிஞ்சுக்கிட்டீங்க. பேர் எழுத வேண்டாம்னு சொல்லிருங்க. மூணாவதுக்கு "மொதல்ல வந்துச்சு", "நெறையப் பேர் பாத்திருந்தாங்க", "ஃப்ரெண்டு அனுப்புனான்" இந்த மாதிரி பதில்தான் எச்சா வரும். அந்த சீட்டு அப்படியே உங்க வகுப்புக்குப் பாடத்திட்டம்.

டாபிக்கை கேள்வியா மாத்தறது

எச்சு நேரம் இதுக்குக் குடுங்க. தேடத் தெரியலைன்னு நாம நெனைக்கறதுல பாதி, என்ன கேக்கறோம்னு தெரியாததுதான்.

ஒரு பையன் "நொய்யல் மாசுபாடு"ன்னு டாபிக்கோட வந்தான். அதை அப்படியே அடிச்சா பத்திரிகைச் செய்தி, பள்ளிக்கூடக் கட்டுரை, யூடியூப் எல்லாம் கலந்து வந்து கொட்டுது. அவனை உக்கார வச்சு போர்டுல ஒரு கோடு போட்டேன், வெள்ளியங்கிரி மலையில ஆரம்பிச்சு கோயம்புத்தூர், திருப்பூர், ஒரத்துப்பாளையம் அணை, கடைசில கரூர் பக்கம் காவேரில சேர்ற வரைக்கும். இதுல எந்த எடம் தம்பின்னேன். திருப்பூருக்குக் கீழங்க மேடம்னான். எந்தக் காலம்னேன். தெரியலீங்கன்னான். அப்ப சொன்னேன், 2011 ஜனவரில சென்னை உயர் நீதிமன்றம் கழிவுத் தண்ணியை சுத்தமா வெளிய விடாத நிலைக்கு வராத சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு போட்டுச்சு, அதுக்கு முன்னாடியா பின்னாடியான்னு யோசிச்சுக்கோன்னு. சித்தெ நேரம் பேசாம இருந்துட்டு அவனே சொன்னான், "அப்படின்னா மேடம், 2011க்கு அப்புறம் அணைக்குக் கீழ இருக்கற கெணத்துத் தண்ணில உப்பு கொறைஞ்சுதாங்கறதைத் தேடலாமுங்களா?"

அவ்வளவுதானுங்க, ஒரு எடம், ஒரு காலம், அளக்கறதுக்கு ஒரு பொருள். இந்த மூணையும் ஒவ்வொரு புள்ளையும் தன் டாபிக்குக்கு எழுதற வரைக்கும் யாரையும் கம்ப்யூட்டரைத் தொட விடாதீங்க. அரை மணி நேரம் போகும், போகட்டும். பின்னாடி அவங்க ராத்திரி கண்ணு முழிக்கறது கம்மியாகும். நூலக அறிவியலுக்கு வழி காட்டுன நம்ம சீர்காழிக்காரர் ரங்கநாதன் 1931லயே சொன்ன அஞ்சு விதில நாலாவது, வாசகரோட நேரத்தை மிச்சப்படுத்துங்கறது. நான் அதை இந்த அரை மணி நேரத்துலதான் பாக்கறேன்.

வார்த்தை புடிக்கறது

இதுக்கு என்கிட்ட ஒரு நல்ல உதாரணம் இருக்குதுங்க. பொள்ளாச்சிப் பக்கத்துல இருந்து வர்ற ஒரு அம்மிணி, அப்புச்சி தோப்புல தென்னை ஓலையெல்லாம் அடில வெள்ளை வெள்ளையா, மேல கரி பூசுன மாதிரி ஆயிருச்சு, அதையே ப்ராஜெக்ட்டா பண்றேன்னு வந்துச்சு. ஃபோன்ல காட்டுச்சு, கூகுள்ல "வொயிட் டிசீஸ் இன் கோகனட் லீஃப் ரெமடி"ன்னு அடிச்சிருக்குது. மருந்துக் கம்பெனி விளம்பரமா வந்திருக்குது. கூடவே குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல வந்த ஒரு ஃபார்வேர்டு, ஏதோ ஒரு மருந்துக் கலவையை அடிச்சா மூணே நாள்ல சுத்தமாயிரும்னு.

போர்டுல மூணு கட்டம் போட்டோம். மொதல் கட்டத்துல அப்புச்சி சொல்ற பேர், வெள்ளை ஈ. ரெண்டாவதுல விவசாயத் துறைல சொல்ற பேர், சுருள் வெள்ளை ஈ, இங்கிலீஷ்ல ருகோஸ் ஸ்பைரலிங் வொயிட்ஃப்ளை. மூணாவதுல அறிவியல் பேர், அலியூரோடிகஸ் ருகியோபெர்குலேட்டஸ். மூணாவதை அடிச்ச உடனே ஸ்க்ரீனே மாறிப்போச்சு. விளம்பரம் எல்லாம் காணாமப் போயி ஆராய்ச்சிக் கட்டுரையா வந்து நின்னுச்சு. அதுல ஒண்ணுல, இந்தப் பூச்சி இந்தியாவுல மொத மொதல்ல 2016ல பொள்ளாச்சிப் பக்கம்தான் கண்டுபுடிச்சாங்கன்னு இருந்துச்சு. அந்தப் புள்ளை ஒரு நிமிசம் அந்த வரியையே பாத்துட்டு இருந்துச்சு, தன் ஊர்ப் பேரு ஆராய்ச்சிக் கட்டுரைல இருக்கும்னு அது நெனைக்கவே இல்ல.

அப்புறம்தான் எழுத்துக்கூட்டல் பிரச்சனை. ஸ்பைரலிங்ங்கற வார்த்தையை பிரிட்டிஷ் முறைல எழுதுனா எல் ரெண்டு, அமெரிக்க முறைல ஒண்ணு. ஒண்ணை மட்டும் அடிச்சா சில டேட்டாபேஸ்ல இன்னொரு பக்கக் கட்டுரை கண்ணுலயே படாது. வேர்ச்சொல் வரைக்கும் அடிச்சு ஒரு நட்சத்திரக் குறி போட்டா ரெண்டும் வரும். ஆனா ஆராய்ச்சிக் கட்டுரை தேடறதுக்குன்னே இருக்கற கூகுள் ஸ்காலர்ல அந்த நட்சத்திரம் இப்படி வேலை செய்யாது, அங்க ரெண்டையும் தனித்தனியா அடிச்சு நடுவுல ஆர் (OR) போடோணும், இதைப் புள்ளைங்களுக்கு கண்டிப்பா சொல்லிருங்க, இல்லாட்டி ஒண்ணுமே இல்லைன்னு திரும்பி வந்துருவாங்க. திருப்பூரும் இதே கதைதான், பி ஒண்ணு போட்டும் எழுதறாங்க, ரெண்டு போட்டும் எழுதறாங்க. நம்ம ஊர்ப் பேர் எதை எடுத்தாலும் இங்கிலீஷ்ல ரெண்டு மூணு விதம் இருக்கும், அதை மொதல்லயே பட்டியல் போடச் சொல்லுங்க.

அன்ட் (AND), ஆர் (OR), நாட் (NOT) மூணையும் தனிப் பாடமா நடத்தாதீங்க, தூங்கிருவாங்க. ஒரே பொருளுக்கு இருக்கற பல பேரை ஆர்ல சேக்கோணும், வேற வேற பொருளை அன்ட்ல சேக்கோணும்னு அந்தக் கட்டத்தையே காட்டிச் சொன்னா போதும். சேர்ந்தே வரவேண்டிய வார்த்தையை ரெட்டை மேற்கோள்குறிக்குள்ள போடோணும். வேண்டாததைக் கழிக்கற நாட்ங்கறதை (NOT) எச்சா பயன்படுத்த வேண்டாம்னு நான் சொல்றது, நல்ல கட்டுரையும் அதோட சேந்து போயிரும்.

எங்க தேடறது

எல்லா டேட்டாபேஸும் ஒரே நாள்ல காட்டாதீங்க. கேள்விக்கு ஏத்த ரெண்டு எடம் போதும். விவசாயம்னா ஐசிஏஆர்ங்கற இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தோட கிரிஷிகோஷ் தளத்துல வேளாண் பல்கலைக்கழகத் தீசிஸ் எல்லாம் இருக்குது. மத்த பாடத்துக்கு ஷோத்கங்கா, பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கற இன்ஃப்ளிப்நெட் நடத்தறது, பைசா கிடையாது, பிஎச்டி தீசிஸை அத்தியாயம் அத்தியாயமா பிடிஎஃப்ல எடுக்கலாம். ஒரு தீசிஸோட ரெண்டாவது அத்தியாயத்தைப் புடிச்சுட்டா, பெரும்பாலும் அதுல அந்த டாபிக்ல அதுவரைக்கும் வந்த கட்டுரை எல்லாத்தையும் ஒருத்தர் தேடித் தொகுத்து வச்சிருப்பாரு, அங்க இருந்து பின்னாடி போகலாம். சாயப்பட்டறை மாதிரி விசயம்னா கோர்ட் தீர்ப்பும் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அறிக்கையும்தான் மூலம், கட்டுரை அதுக்கப்புறம். கூகுள்லயே site: அப்படின்னு அடிச்சு, இடைவெளி விடாம அரசாங்க முகவரியைப் போட்டா அந்தத் தளத்துக்குள்ள மட்டும் தேடும்.

ஜர்னல் விசயத்துல உண்மையைச் சொல்லிரோணும். அரசாங்கமே மொத்தமா சந்தா கட்டி ஜர்னலைப் படிக்கக் குடுக்கற ஒன் நேஷன் ஒன் சப்ஸ்கிரிப்ஷன் திட்டத்துக்கு 2024 நவம்பர்ல மத்திய அமைச்சரவை ஒப்புதல் குடுத்துச்சு, மூணு வருசத்துக்கு 6,000 கோடி, 30 பதிப்பகம், கிட்டத்தட்ட 13,000 ஜர்னல். ஆனா மொதல் கட்டம் அரசு நிறுவனங்களுக்குத்தான். நம்ம பக்கம் முக்கால்வாசி சுயநிதிக் காலேஜ், அந்தப் புள்ளைங்களுக்கு இது இல்லைங்கறது எனக்கு நிஜமாவே வருத்தம். அவங்களுக்கு வேற வழி சொல்லிக் குடுங்க. கூகுள் ஸ்காலர்ல கட்டுரைக்கு கீழ எல்லாப் பதிப்பும்னு ஒரு இணைப்பு இருக்கும், அதுக்குள்ள பல நேரம் இலவசப் பிரதி ஒண்ணு ஒளிஞ்சு கிடக்கும். அன்பேவால்னு ஒரு பிரௌசர் பட்டன் சட்டப்படி இலவசமா எங்க இருக்குன்னு காட்டும். ரெண்டும் இல்லைன்னா கட்டுரை எழுதினவருக்கு நாலு வரி மெயில் போடச் சொல்லுங்க, பலபேர் சந்தோசமா அனுப்பி வைக்கறாங்க.

அலமாரியை மறந்துராதீங்க. புத்தகத்தைப் பாடவாரியா அடுக்கற டியூவி எண்ல பூச்சிங்கறது விலங்கியல்ல 595.7, பயிர்ப் பூச்சின்னா 632.7, தென்னைன்னா 634.61. மூணு எடத்துக்கும் அந்த அம்மிணியை நடக்க வச்சேன். ஒரே பிரச்சனையை மூணு பேர் மூணு விதமாப் பாக்கறாங்கங்கறது நடந்தா காலுக்கே தெரியும், ஸ்க்ரீன்ல அது தெரியறதில்ல.

நம்பலாமா வேண்டாமா

அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டுல சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் 2017ல வெளியிட்ட ஒரு ஆய்வுல, 10 வரலாற்றுப் பேராசிரியர், 10 உண்மை சரிபார்ப்பாளர், 25 மாணவர்னு எல்லாத்துக்கும் ஒரே இணையதளங்களைக் குடுத்து நம்பலாமான்னு பாக்கச் சொன்னாங்க. பேராசிரியர்களும் மாணவர்களும் பெரும்பாலும் அந்தப் பக்கத்துக்குள்ளயே சுத்திட்டு இருந்தாங்க, சின்னம் நல்லா இருக்குதா, முகவரி எப்படி முடியுதுன்னு பாத்து ஏமாந்தவங்க நெறையப் பேர். சரிபார்ப்பாளர்கள் உடனே வெளிய வந்து பக்கத்துல வேற டேப் தொறந்து, இந்த ஆளுங்க யாருன்னு மத்தவங்க என்ன சொல்றாங்கன்னு பாத்துட்டாங்க. நம்ம ஊர்ல பொண்ணு பாக்கப் போனா அந்த வீட்டுக்குள்ள மட்டும் விசாரிப்போமா, பக்கத்துத் தோட்டத்துல, மளிகைக் கடைல விசாரிப்போமில்ல, அதேதானுங்க இது. இப்படிச் சொன்னா ஒரு புள்ளைக்கும் மறக்கறதில்ல.

மைக் கால்ஃபீல்டுங்கறவர் 2019ல இதை நாலு படியா ஆக்கினாரு. நில்லு, சொல்றது யாருன்னு பாரு, இதைவிட நல்ல எடத்துல இதே விசயம் இருக்குதான்னு தேடு, மூலத்துக்குப் போ. அந்த வாட்ஸ்அப் ஃபார்வேர்டை வச்சே வகுப்புல பண்ணினோம். யார் எழுதினதுன்னு பேரே இல்ல. வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையைப் பாத்தா நேர்மாறா இருந்துச்சு. கண்ட பூச்சிமருந்து அடிக்காதீங்க, மஞ்சள் ஒட்டுப்பொறி வைங்க, ஓலை அடில தண்ணியை வேகமாப் பீச்சி அடிங்கன்னு. ஏன் மருந்து வேண்டாங்கறாங்கன்னு கேட்டேன். வெள்ளை ஈயோட குஞ்சுக்குள்ள முட்டை வச்சு அதை அழிக்கற என்கார்சியாங்கற குட்டிக் குளவி தோப்புல தானாவே வருது, மருந்து அடிச்சா அதுதான் மொதல்ல சாகும்ங்கறதை அந்த அம்மிணியே கட்டுரைல இருந்து படிச்சு சொல்லுச்சு. சரி தப்புன்னு நாம சொல்றதைவிட காரணம் வரைக்கும் அவங்களே போகோணும், அப்பத்தான் வீட்டுக்குப் போய் அப்புச்சி கிட்ட தைரியமாப் பேச முடியும்.

பிஎச்டி பண்றவங்களுக்கு இதே விசயம் பணத்துலயும் மானத்துலயும் கை வைக்கும். எனக்குத் தெரிஞ்ச ஒரு ஸ்காலர், உங்க கட்டுரை பிரமாதம், மூணு நாள்ல போட்டுடறோம்னு வந்த மெயிலை நம்பி, சொந்தக்காரங்க கிட்ட கை மாத்து வாங்கிப் பணம் கட்டினாங்க. ஆறு மாசத்துல அந்தத் தளமே இல்ல. அவங்க என் டேபிள் முன்னாடி உக்காந்து அழுதது இன்னும் கண்ணுலயே நிக்குது. பல்கலைக்கழக மானியக் குழு, அதான் யுஜிசி, நம்பத்தகுந்த ஜர்னல்னு வச்சிருந்த கேர் பட்டியலையும் 2025 பிப்ரவரில கைவிட்டுட்டாங்க, அதனால இனி காலேஜும் நாமளும்தான் பாத்துச் சொல்லோணும். ஆசிரியர் குழுல இருக்கற ரெண்டு பேரோட சொந்தப் பல்கலைக்கழகப் பக்கத்துல இந்த ஜர்னல் பேர் இருக்குதா, கட்டுரைகளுக்கான பெரிய டேட்டாபேஸான ஸ்கோபஸ்ல இருக்குதுன்னு சொன்னா ஸ்கோபஸ் பட்டியல்லயே போய்ப் பாத்தா இருக்குதா, பழைய நல்ல ஜர்னல் பேர்ல போலித் தளமா, இதை மூணையும் பணம் கட்டறதுக்கு முன்னாடி உங்க கிட்ட வந்து பாத்துட்டுப் போகச் சொல்லுங்க.

ஏஐ வந்த பொறவு

தடை போட்டு ஒண்ணும் ஆகறதில்ல. நான் பண்றது ஒரே ஒரு பயிற்சி. சாட்ஜிபிடி கிட்ட அவங்க டாபிக்குக்கு அஞ்சு ரெஃபரன்ஸ் கேக்கச் சொல்லுவேன். அஞ்சையும் தலைப்பை வச்சு கூகுள் ஸ்காலர்ல தேடோணும், ஒவ்வொரு கட்டுரைக்கும் தனியா இருக்கற டிஓஐ எண் குடுத்திருந்தா டிஓஐ தளத்துல போட்டுப் பாக்கோணும், கட்டுரை கிடைச்சா அது சொல்ற விசயம் உள்ள இருக்குதான்னு படிக்கோணும். பேர் நிஜம், ஜர்னல் நிஜம், ஆனா அப்படியொரு கட்டுரையே இல்லைங்கறது சில நேரம் மாட்டும். 2023ல நியூயார்க்ல வக்கீலுங்க இப்படி இல்லாத தீர்ப்புகளை கோர்ட்ல தாக்கல் பண்ணி 5,000 டாலர் அபராதம் கட்டின கதையையும் சொல்லுங்க. தேடறதுக்கு வேற வார்த்தை யோசிக்க, கஷ்டமான பத்தியைப் புரிஞ்சுக்க அது நல்லா உதவுது, அதையும் மறைக்காம சொல்லோணும்.

எடுத்து எழுதறது

யுஜிசி 2018 விதிப்படி தீசிஸ் மத்தவங்க எழுத்தோட ஒத்துப்போறது 10 சதவீதம் வரைக்கும்னா தண்டனை இல்ல, 10க்கு மேல 40 வரைக்கும்னா திருத்தி ஆறு மாசத்துக்குள்ள குடுக்கோணும், 40க்கு மேல 60 வரைக்கும்னா ஒரு வருசம் திருத்தினதையும் குடுக்க முடியாது, 60க்கு மேல பதிவே ரத்து. இதைச் சொன்னா எல்லாரும் பத்துக்குள்ள கொண்டு வர வார்த்தையை மாத்திப் போடற வேலைல எறங்கிருவாங்க, அதான் ஆபத்து. நான் சொல்ற வழி, பத்தியைப் படி, மூடி வை, உங்கம்மாவுக்குச் சொல்ற மாதிரி தமிழ்ல வாய்விட்டுச் சொல்லு, அப்புறம் இங்கிலீஷ்ல எழுது, எங்க இருந்து எடுத்தேங்கறதை அப்பவே பக்கத்துல குறி. ரெஃபரன்ஸ் அடுக்கறதுக்கு ஸொட்டேரோங்கற சாஃப்ட்வேர் இலவசம், ஒரு மணி நேரத்துல கத்துக்கலாம், அதுக்கு மேல நேரம் செலவு பண்ண வேண்டாம்.

கத்துக்கிட்டாங்களான்னு பாக்கறது

குவிஸ் வைக்காதீங்க, ஞாபகசக்திதான் தெரியும். ஆளுக்கு ஒரு நாப்பது பக்க நோட்டு, தேடல் நோட்டுன்னு பேர். தேதி, எங்க தேடினேன், என்ன அடிச்சேன், எத்தனை வந்துச்சு, ஏன் மாத்தினேன். இந்தக் கடைசிக் கட்டத்தைத்தான் நான் படிப்பேன். பொள்ளாச்சி அம்மிணி நோட்டுல நாலாவது வரில "அப்புச்சி சொன்ன பேர்ல தமிழ்லயும் தேடினேன், பண்ணை இதழ்ல விவசாயிங்க எழுதினது ரெண்டு கிடைச்சது, பூச்சி வந்த மாசம் கட்டுரையோட ஒத்துப் போகுது"ன்னு எழுதியிருந்துச்சு. அதை நான் சொல்லித் தரவே இல்லீங்க. டிபார்ட்மெண்ட் ஆசிரியர் கிட்டப் பேசி இந்த நோட்டுக்கு இன்டர்னல்ல அஞ்சு மார்க் வாங்கிருங்க. மார்க் இல்லாம நோட்டு வராது.

அறுநூறு புள்ளைங்களுக்கு நீங்க ஒத்தை ஆளுன்னா, ரெண்டாவது வருசத்துல இருந்து, போன வருசம் நல்ல நோட்டு எழுதின பத்துப் பேரைக் கூப்புட்டு ஆளுக்கு ஆறு புள்ளைங்களை ஒப்படைச்சுடுங்க. மொதல் வருசம் அறுபது பேருக்குத்தான் முடியும், ஒரே டிபார்ட்மெண்ட்ல ஆரம்பிங்க, அசைன்மெண்ட்டை நல்லாத் திருத்திப் பாக்கற ஆசிரியர் எந்த டிபார்ட்மெண்ட்ல இருக்காரோ அங்க. டிசம்பர்ல டைட்டில் குடுப்பாங்க, அதுக்கு நவம்பர்லயே போய் அவரைப் பாத்துருங்க.